பேட்டரி வண்டிக்கு எத்தனை மணிக்கு சார்ஜ் போடுவது?

எங்கள் மில்லில் யார் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினாலும் ஒரு வாரத்துக்குள் என் மேசைக்கு வந்துவிடுவார்கள். மில்லின் இ.பி. கணக்கைப் பார்ப்பது என் வேலை. அதனால் கரண்ட் பற்றிய எந்தக் கேள்வியும் சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வரும். பில் எவ்வளவு ஏறும் என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். ஸ்பின்னிங் மேஸ்திரி ஒருவர் கேட்டது அப்படிப்பட்ட கேள்வி இல்லை.

"ஏனுங்க மேடம், நாம போடற கரண்டும் நெலக்கரியிலதானுங்களே வருது? பொகை இங்க வராம மேட்டூர் அனல் நெலையத்துல வருது. அவ்வளவுதானுங்களே?"

நியாயமான கேள்வி. "அப்படியெல்லாம் இல்லைங்க, பேட்டரி வண்டி சுத்தமானது" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "ஆமாங்க" என்று சொன்னாலும் பொய்யாகிவிடும். டீ நேரத்தில் சொல்லி முடிக்க முடியாத பதில் அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சாதாரணக் கணக்கு. என் ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடுகிறது. கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் இன்னும் அதிகம் சொல்வார்கள். நான் சொல்வது சுவர் பிளக்கிலிருந்து எடுக்கும் கரண்டை வைத்து, சார்ஜரில் சூடாகிப் போகும் நஷ்டத்தையும் சேர்த்து. அதே 30 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தால் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 67 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும். ஆக 30 கிலோமீட்டருக்கு ஒன்றரை கிலோ. கச்சா எண்ணெயைத் தோண்டி, சுத்திகரித்து, லாரியில் பங்க் வரை கொண்டுவந்த செலவையும் சேர்த்தால் சுமார் 1.8 கிலோ.

பேட்டரி வண்டிக்கு அந்த 30 கிலோமீட்டர் ஒரே ஒரு யூனிட். இந்தியா முழுக்க உற்பத்தியாகும் மின்சாரத்தின் சராசரியை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. அது யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. கம்பியில் போகும் இழப்பையும் சேர்த்தால் 0.8 என்று வைத்துக்கொள்ளலாம். 1.8 கிலோ எங்கே, 0.8 கிலோ எங்கே. பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மேஸ்திரிக்கு இதுவே ஒரு பதில்தான். நிலக்கரிக் கரண்டிலேயே ஓடினாலும் ஸ்கூட்டர் பெட்ரோலைவிட மேல். மோட்டார் தனக்குக் கொடுத்த சக்தியில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். பெட்ரோல் எஞ்சின் பெரும்பகுதியைச் சூடாக வெளியே விட்டுவிடும்.

ஆனால் எனக்கு அந்தச் சராசரியோடு நிற்க விருப்பமில்லை. மாதாமாதம் மில் பில்லைப் பிரித்துப் பார்க்கிறவளுக்குச் சராசரி யூனிட் என்று ஒன்று கண்ணில் படுவதே இல்லை. எங்கள் பில்லில் காலை பீக், மாலை பீக் (கரண்ட் தேவை உச்சத்தில் இருக்கும் நேரங்கள்), இரவு என்று யூனிட்டுகள் தனித்தனியாகப் பிரிந்துதான் வரும். பீக் நேரத்தில் எடுத்த யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை எடுத்தால் 5 சதவீதம் தள்ளுபடி. ஒரு யூனிட்டுக்கும் இன்னொரு யூனிட்டுக்கும் விலை வேறு என்று ஆலைகளுக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். புகையிலும் அதே வித்தியாசம் இருக்கிறது. அதை எந்த பில்லிலும் எழுதுவதில்லை.

நான் இருப்பது உடுமலைப்பேட்டைப் பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று முதலில் எங்களைத்தான் தொடும். வைகாசி பாதியில் ஆரம்பித்து ஆவணி, புரட்டாசி வரை காற்று சீசன். ஆடியில் ரோட்டில் ஸ்கூட்டரை நேராகப் பிடித்து ஓட்டுவதே சிரமம். இங்கே பல மில்களுக்குச் சொந்தக் காற்றாலைகள் உண்டு, எங்களுக்கும் உண்டு. தெற்கே ஆரல்வாய்மொழி, முப்பந்தல், செங்கோட்டைக் கணவாய், தேனிப் பக்கம் கம்பம் என்று தமிழ்நாட்டின் காற்றெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில்தான் இருக்கிறது. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் சோதனைக்காகச் சில இயந்திரங்களை நிறுத்தியதில் தொடங்கியது இந்தக் கதை. இன்றைக்கு மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். நல்ல ஆடி நாளில் காற்றிலிருந்து மட்டும் 10 கோடி யூனிட்டைத் தாண்டும். தை மாதத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராத நாட்கள் உண்டு.

சூரிய மின்சாரத்துக்கு அந்த ஏற்ற இறக்கம் ஒரே நாளுக்குள்ளேயே நடக்கும். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தபோது எல்லோரும் ஆச்சரியமாகப் பேசினோம். இப்போது மாநிலம் முழுக்க அதைப்போலப் பல மடங்கு பேனல்கள். காலை 9 மணிக்கு ஏறி, உச்சி வெயிலில் நின்று, 4 மணிக்கு இறங்கி, 6 மணிக்கு ஒன்றுமில்லாமல் போகும். சரியாக அந்த 6 மணிக்குத்தான் வீடுகளில் விளக்கு, ஃபேன், மோட்டார், டிவி, மிக்ஸி, ஏசி எல்லாம் எழும். சூரியன் விட்டுப்போன பள்ளத்தை யாராவது நிரப்ப வேண்டும். காற்று சீசனில் காற்று அதில் பாதியைச் சுமக்கும். மற்ற மாதங்களில் அணைகளும் நிலக்கரியும்தான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி என்றால் ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே கரியமில வாயு வரும்.

இப்போது என் ஸ்கூட்டரின் அந்த ஒரு யூனிட்டை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதம் ராத்திரி 8 மணிக்குப் பிளக்கை மாட்டினால், என்னால் கூடுதலாக எரிவது பெரும்பாலும் நிலக்கரி. கம்பி இழப்போடு 1.1 கிலோ. பெட்ரோலின் 1.8-க்கு இன்னும் கீழேதான், ஆனால் இடைவெளி ஒரு கிலோவிலிருந்து 0.7 கிலோவாகச் சுருங்கிவிட்டது. ஆடி மாதம் ராத்திரி 2 மணிக்குப் போட்டால் கதை வேறு. அந்த நேரத்தில் மாநிலமே தூங்கும், காற்று மட்டும் தூங்காது. அனல் நிலையங்களை அவ்வளவு சுலபமாக அணைத்து அணைத்து ஏற்ற முடியாது. முழுத் திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே அவற்றை இறக்குவது கஷ்டம். மிஞ்சும் காற்றுக்குத் தொகுப்பில், அதாவது மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையில், இடமில்லாமல் போகும்போது காற்றாலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். அதை நாங்கள் பேக்கிங் டவுன் என்போம். அப்படி நிறுத்தப்படும் நேரத்தில் யாராவது ஒரு யூனிட் கூடுதலாக எடுத்தால் அதற்காக ஒரு பிடி நிலக்கரியும் எரிவதில்லை.

நல்ல காற்று வீசும்போது இறக்கைகளைத் திருப்பி நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். மில்லுக்கு நஷ்டம் என்பதோடு அது நிற்கவில்லை. அந்தக் காற்று மறுபடி வராது. சூரிய மின்சாரத்திலும் இதே நடந்து, வழக்குவரை போனது. தமிழ்நாட்டில் சூரிய மின் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னதெல்லாம் தொகுப்பின் பாதுகாப்புக்காக இல்லை என்று கண்டு, அதற்கு நஷ்டஈடு கொடுக்கும்படி மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

பகலிலும் இப்படித்தானா என்றால், எல்லா நாளும் இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று தென் மாநிலங்களின் தொகுப்பு ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியாக நாட்டின் மற்றப் பகுதிகளின் தொகுப்போடு இணைந்தது. அப்புறம் சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து நம் தமிழ்நாட்டுப் புகளூர் வரை 6,000 மெகாவாட் நேர்மின்னோட்டக் கம்பி வந்தது. அங்கிருந்து நிலக்கரிக் கரண்ட் இங்கே வரவும், இங்கே காற்று மிஞ்சினால் அங்கே போகவும் அதில் வழி உண்டு. ஆக உடுமலையில் நண்பகலில் நான் எடுக்கும் யூனிட்டுக்காக எங்கோ ஒரு அனல் நிலையம் கொஞ்சம் கூடுதலாக எரியவும் வாய்ப்பிருக்கிறது. ஆனாலும் மதியத்தில் தேவை கூடினால் சூரிய மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் நேரங்கள் குறையும். புதிதாகப் பேனல் போடுகிறவருக்கு வாங்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை வரும். மாலைக்கு மாறும் சுமை குறைவதால் அந்த நேரத்துக்கென்றே ஒரு அனல் நிலையத்தை எழுப்பி வைத்திருக்கும் அவசியமும் குறையும். இதையெல்லாம் சேர்த்துத்தான் பகல் யூனிட்டை நான் மதிக்கிறேன்.

சரி, ஒரு ஸ்கூட்டர் எப்போது சார்ஜ் ஏறினால் தொகுப்புக்கு என்ன வந்துவிடப் போகிறது? ஒன்றும் வராது. அதனால் ஒரு கோடி ஸ்கூட்டருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் பதிவான இரு சக்கர வண்டிகள் இரண்டு கோடிக்கு மேல். அதில் ஒரு கோடி மட்டும் பேட்டரிக்கு மாறி, ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஒரு யூனிட் எடுக்கிறது என்று வையுங்கள். மொத்தம் ஒரு கோடி யூனிட். மாநிலம் 2024 கோடையில் ஒரே நாளில் 45 கோடி யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தியது. ஆக இரண்டு சதவீதம்தான் கூடும். பேட்டரி வண்டி வந்தால் கரண்ட் பத்தாது என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இந்த இரண்டு சதவீதம் போதுமான பதில்.

அடுத்த கணக்கு அப்படி நிம்மதி தருவதாக இல்லை. ஸ்கூட்டர் சார்ஜர் ஒன்று சுமார் 700 வாட் இழுக்கும். ஒரு கோடிப் பேரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி 7 மணிக்கு மாட்டினால் 7,000 மெகாவாட். பாதிப் பேர் மட்டும் அப்படிச் செய்தாலும் 3,500. தமிழ்நாட்டின் உச்சபட்சத் தேவை 2024 மே 2-ல் தொட்ட அளவு 20,830 மெகாவாட். அதன் மேல் இன்னும் 3,500 என்றால் கூடங்குளத்தில் இப்போது ஓடும் இரண்டு அணு உலைகளையும் போல மற்றொரு ஜோடியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் போதாது. அதுவும் தினமும் இரண்டு மணி நேரத் தேவைக்காக.

யூனிட் கணக்கில் இரண்டு சதவீதம், மெகாவாட் கணக்கில் ஆறில் ஒரு பங்கு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நாம் எல்லோரும் சேர்ந்து எதைக் கொண்டு அடைக்கப் போகிறோம் என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. புது அனல் நிலையம் கட்டியும் அடைக்கலாம், பெரிய பேட்டரி நிலையம் வைத்தும் அடைக்கலாம். சார்ஜ் போடும் மணியை மாற்றினால் அடைக்க வேண்டிய பள்ளமே பெரும்பகுதி இருக்காது. அதற்கு ஆகும் செலவு சில பிளக் பாயிண்டுகள்தான்.

விலைக்கு வருகிறேன். மின்சாரச் சந்தையில் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் தனி விலை. நல்ல வெயில் நாளில் மதியம் யூனிட் இரண்டு மூன்று ரூபாய்க்கும் கீழே கிடைக்கும். மாலையில் தட்டுப்பாடு வந்தால் உச்ச வரம்பான 10 ரூபாயைத் தொடும். அந்த 10 ரூபாய் வரம்பும் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்ததால்தான் அங்கே நிற்கிறது. இப்படி மாலையில் வாங்கிய கரண்டை வாரியம் வீட்டுக்கு விற்கும் விலை, 2024 ஜூலைக் கட்டண ஆணையில் 400 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு 4 ரூபாய் 80 காசு. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் அப்போது இலவசம் வேறு. ஏழை வீடுகளுக்கு அந்த 100 யூனிட் பெரிய உதவி, அதில் கை வைக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. நான் சொல்ல வருவது வேறு. நம் வீட்டு பில்லில் எத்தனை யூனிட் என்ற கேள்வி மட்டும்தான் இருக்கிறது. எப்போது என்ற கேள்வியே கிடையாது.

அதன் விளைவைப் பாருங்கள். அதே 2024 ஆணையில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அடுத்த படி 8 ரூபாய் 55 காசு. அதற்கு மேல் ஏறி ஏறி 1,000 யூனிட்டுக்கு மேல் 11 ரூபாய் 80 காசு வரை போகும். 500-ஐத் தாண்டிய அன்றே 101 முதல் 200 வரையான மலிவு யூனிட்டுகளும் விலை ஏறிவிடும். பேட்டரி வண்டி வந்த வீடுகளில் 480-ல் நின்றிருந்த பில் 520-க்குப் போய், வீட்டம்மா கணவரிடம் சண்டை போட்டதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த 40 யூனிட்டை மதியம் 12 மணிக்கு எடுத்தவரும் ராத்திரி 8 மணிக்கு எடுத்தவரும் ஒரே பணம்தான் கட்டுகிறார்கள். ஒருவர் வாரியத்துக்கு உதவி செய்தார், இன்னொருவரால் வாரியத்துக்கு நஷ்டம். ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடன் சுமக்கும் வாரியம் அது. கடைசியில் நாம்தான் அதைக் கட்டப் போகிறோம்.

வண்டிக்காரரின் பையில் மட்டும் பார்த்தால் 11 ரூபாய் 80 காசு கொடுத்தாலும் லாபம்தான், பெட்ரோலுக்கு ஆகும் 67 ரூபாய்க்கு முன்னால். அந்த 67-ல் ஒரு பெரும் பங்கு மத்திய, மாநில வரி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேட்டரி வண்டிக்குச் சாலை வரி விலக்கும் உண்டு, ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான். எல்லோரும் மாறிவிட்டால் ரோடு போடும் பணம் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். இன்றைய மலிவு அப்படியே என்றைக்கும் இருக்கும் என்று நினைத்து யாரும் கணக்குப் போட வேண்டாம்.

பேட்டரி செய்யும்போது வரும் புகையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு கிலோவாட்-அவர், அதாவது ஒரு யூனிட் கொள்ளும் பேட்டரி செய்ய 60 முதல் 100 கிலோ கரியமில வாயு என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. ஸ்கூட்டர் பேட்டரி 3 கிலோவாட்-அவர் என்றால் 200 முதல் 300 கிலோ. ஒவ்வொரு 30 கிலோமீட்டருக்கும் ஒரு கிலோ மிச்சம் என்று முன்பே பார்த்தோம். 6,000 முதல் 9,000 கிலோமீட்டருக்குள் அந்தக் கடன் அடைந்துவிடும். மில்லுக்குத் தினமும் வந்து போகிறவர் ஓர் ஆண்டு, மிஞ்சிப்போனால் ஒன்றரை ஆண்டில் அதை ஓட்டிவிடுவார். காருக்கு அவ்வளவு சீக்கிரம் ஆகாது. 40 கிலோவாட்-அவர் பேட்டரிக்கு மூன்று டன் அளவில் வரும். அது அடைய 40,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். மாதம் ஒரு தடவை பழனிக்குப் போக மட்டும் கார் எடுக்கிற வீட்டில் அந்தக் கணக்கு தேறவே பல ஆண்டுகள் ஆகும். தினமும் நெடுந்தூரம் ஓடும் டாக்ஸிக்குச் சீக்கிரமே தேறிவிடும். அதனால் யார் எவ்வளவு ஓட்டுகிறார் என்று கேட்காமல் பேட்டரி கார் வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

பஸ்ஸில்தான் எனக்குக் கணக்கு வியப்பாக இருந்தது. சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அந்த அளவுப் பேருந்து கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் எடுப்பதாக வைத்தால், சராசரித் தொகுப்பில் 0.8 கிலோ. டீசல் பஸ் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுத்தால், லிட்டருக்கு 2.7 கிலோ என்ற கணக்கில் 0.6, சுத்திகரிப்புச் செலவோடு 0.7 கிலோ. கிட்டத்தட்டச் சமம். அதற்காக மின்சாரப் பேருந்து வேண்டாம் என்று ஆகாது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளையின் மூக்குக்கு நேராகப் புகை வராமல் இருப்பதே பெரிய விஷயம், இரைச்சலும் குறையும். ஆனால் கரியமில வாயுவிலும் லாபம் வேண்டும் என்றால் பஸ்ஸுக்கு எத்தனை மணிக்கு ஏற்றுகிறோம் என்பதுதான் எல்லாமே. ராத்திரி பணிமனையில் மட்டும் ஏற்றாமல், காலைக் கூட்டத்துக்கும் மாலைக் கூட்டத்துக்கும் நடுவில் 11 மணி முதல் 3 மணிக்குள் முடிந்தவரை ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் 0.8 என்பது வெகுவாகக் கீழே வரும்.

பகல் கரண்டை ராத்திரிக்கு எடுத்துவைக்கும் வேலையை எங்கள் பக்கத்து மலை ரொம்ப நாளாகச் செய்கிறது. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று நிலையம் 1987-ல் ஓடத் தொடங்கியது. மொத்தம் 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும்போது கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறைக்கு ஏற்றுவார்கள், தேவை எழும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். மலையைக் குடைந்து உள்ளே வைத்த நிலையம் அது. அன்றைக்கு ராத்திரி மிஞ்சும் கரண்டை மனதில் வைத்துக் கட்டியது, இன்றைக்குப் பகலில் மிஞ்சும் சூரியனுக்கும் அப்படியே பொருந்துகிறது. நீலகிரியில் குந்தாவில் இன்னொரு 500 மெகாவாட் நிலையம் பல ஆண்டுகளாகக் கட்டப்பட்டு வருகிறது. இப்படி ஏற்றி இறக்குவதில் நாலில் ஒரு பங்கு யூனிட் வழியிலேயே போய்விடும். சூரிய மின்சாரம் இரண்டரை ரூபாய்க்கு ஏலத்தில் கிடைக்கிறது, இனி எல்லாம் மலிவு என்று சொல்கிறவர்கள் இந்த நாலில் ஒரு பங்கையும், அணைக்கும் பேட்டரிக்கும் கம்பிக்கும் போட்ட முதலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மதியம் 12 மணி யூனிட் இரண்டரை ரூபாய். அதையே ராத்திரி 8 மணிக்குக் கேட்டால் அந்த விலைக்குக் கிடைக்காது.

எங்களைப் போன்ற மில்களுக்குத் தெரிந்த இன்னொரு சேமிப்பு, பேங்கிங். ஆடியில் எங்கள் காற்றாலை ஓட்டிய உபரி யூனிட்டை வாரியத்தில் வரவு வைத்து, காற்றில்லாத மாசியில் எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு பங்கைக் கட்டணமாகக் கழித்துக்கொள்வார்கள். மில்லைப் பொறுத்தவரை நல்ல ஏற்பாடு. ஆனால் மாசியில் எங்கள் ஸ்பிண்டிலைச் சுற்றுவது ஆடிக் காற்று இல்லை, அந்த நேரத்தில் எரியும் நிலக்கரி. கணக்குப் புத்தகத்தில் யூனிட்டைச் சேமிக்கலாம், காற்றைச் சேமிக்க முடியாது. எங்கள் நூல் முழுக்கக் காற்றிலேயே ஆனது என்று வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று மேனேஜரிடம் பேசியிருக்கிறேன்.

இத்தனையும் எழுதியதற்குக் காரணம் எங்கள் சைக்கிள் ஸ்டாண்ட். பெயர்தான் சைக்கிள் ஸ்டாண்ட், உள்ளே நிற்பதெல்லாம் பைக்கும் ஸ்கூட்டரும். பகல் ஷிஃப்ட் வண்டிகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே சும்மா நிற்கின்றன. மேலே மில் கூரையில் சூரியப் பேனல். இரண்டுக்கும் நடுவில் இருபது அடிகூட இல்லை. எலக்ட்ரீசியன் அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு வரிசைக்கு 15 ஆம்ப் பிளக் பாயிண்ட் வைக்க மேனேஜ்மெண்டிடம் கேட்டோம். ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனித்தனி மீட்டர் வைத்தால் செலவு கூடும், அதனால் வரிசைக்கு ஒரு சப்-மீட்டர். எர்த் கசிவு வந்தால் உடனே அணையும் பிரேக்கர் கட்டாயம், மழைக்காலத்தில் ஆட்களின் உயிர் சம்பந்தப்பட்டது. காலை பீக் முடியும் 10.30-க்கு முன் கரண்ட் வராதபடி டைமர். மாலை 4 மணிக்கு அதுவாக நின்றுவிடும். யூனிட்டுக்கு 7 ரூபாய்க்கு மேல் மில்லுக்கு அடக்கம் ஆகும் என்பதால், அந்த விலையையே வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவானது. வீட்டில் 500-ஐத் தாண்டும் நிலையில் இருந்தவர்கள் முதலில் வந்தார்கள். அப்புறம் மற்றவர்களும் வந்தார்கள்.

அரை நைட், ஃபுல் நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு இது உதவவில்லை என்ற குறை எனக்கு இருக்கிறது. அவர்கள் பகலில் வீட்டில் இருப்பார்கள், பகலில் வீட்டிலேயே சார்ஜ் போடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். தூங்கப் போகுமுன் மாட்டிவிட்டால் எழும்போது நிறைந்திருக்கும். வேலைக்குப் போகாத நாளில் நான் செய்வதும் அதுதான், 11 மணிக்கு மேல்தான் மாட்டுவேன். ராத்திரியே போட்டாக வேண்டும் என்கிறவர்கள் 10.30-க்கு அப்புறம் போடலாம். பல வண்டிகளின் செயலியிலேயே நேரம் குறித்து வைக்கும் வசதி இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் என் மேசைக்கு வந்தவர்களுக்கு நான் சொல்வது. இரண்டு கோடி வண்டிக்கு யார் சொல்வது? விலைதான் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2023-ல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளில் சூரிய நேரம் என்று நாளுக்கு எட்டு மணி நேரம் குறித்து, அந்த நேரக் கட்டணம் வழக்கத்தைவிட 20 சதவீதமாவது குறைய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். விவசாயம் தவிர்த்த மற்ற இணைப்புகளுக்கெல்லாம் 2025 ஏப்ரல் முதல் அமலாக வேண்டும் என்றும் இருக்கிறது. அதற்கு வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். சென்னை தியாகராய நகரில் முன்மாதிரியாக வைத்ததைத் தவிர, நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்த்து எழுதிப்போகும் மீட்டர்தான். அந்த மீட்டருக்கு மதியமும் ராத்திரியும் ஒன்றுதான்.

மாநிலம் முழுக்க மீட்டர் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம் என்பது என் எண்ணம். பேட்டரி வண்டி வைத்திருக்கிறவர் கேட்டால் அவருக்கு மட்டும் முதலில் ஸ்மார்ட் மீட்டர் கொடுங்கள். சூரிய நேரத்தில் எடுத்த யூனிட்டை 500 யூனிட் படிக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆலைகளுக்கு இரவுக்குக் கொடுக்கும் 5 சதவீதத் தள்ளுபடி காற்று சீசனில் இருக்கட்டும், மற்ற மாதங்களில் அதை மதியத்துக்கு மாற்றுங்கள். ரயில் நிலையம், பேருந்து நிலையம், கல்லூரி, கலெக்டர் அலுவலகம் என்று பகல் முழுக்க வண்டி நிற்கும் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் சாதாரணப் பிளக் பாயிண்ட் வையுங்கள். பதினைந்து நிமிடத்தில் ஏற்றும் பெரிய சார்ஜர் நெடுஞ்சாலைக்குத் தேவை. எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிற ஸ்கூட்டருக்கு அது தேவையே இல்லை.

இந்தக் கோரிக்கைகளைக் கட்டண ஆணை திருத்தும்போது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நடத்தும் பொதுக் கருத்துக் கேட்புக்கு எழுதி வைத்திருக்கிறேன். கோவையில் கூட்டம் நடந்தால் நேரில் போய்ப் பேசுவேன். உங்கள் மில்லிலோ அலுவலகத்திலோ குடியிருப்பிலோ பகலில் சார்ஜ் போட வழி செய்திருந்தால், மீட்டரை எப்படிப் பிரித்தீர்கள், யூனிட்டுக்கு என்ன வாங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் பொதுப் பயன்பாட்டு இணைப்பிலிருந்து கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அந்தக் கணக்கை நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, மனுவில் அதையும் சேர்க்க வேண்டும்.